ஒட்டக் கறந்த சீம்பால்

எருமையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையைக் கொடுத்தது என் வேலை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாக கியூசி பார்க்கிறேன். பெல்ட்டில் வரும் ஷூவை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சுருக்கம் இருக்கிறதா, தழும்பு இருக்கிறதா, உண்ணி கடித்த புள்ளி இருக்கிறதா என்று கண்டுபிடித்து ஓரமாகப் போடுவது என் உத்தியோகம். ஒரு தோலைத் தடவினால் அது பசுவா எருமையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று கேன்டீனில் பீற்றிக்கொள்வேன். செத்த எருமையைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனுக்கு உயிரோடு இருக்கும் எருமை எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டதில்தான் கோளாறு.

உயிரோடு இருந்த எருமை என் மனைவியுடையது. என்னுடையது என்று சொன்னால் பால் சொசைட்டியில் சிரிப்பார்கள். அவளும் முன்பு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருந்தவள்தான். கழுத்து வலி தாங்காமல் வேலையை விட்டுவிட்டு ஒரு எருமை வாங்கினாள். எங்கள் ஊர் ஆம்பூருக்கும் ஒடுகத்தூருக்கும் நடுவில் மலையடிவாரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு மாடு இருக்கும், மாட்டைப் பற்றிய கருத்து ஆளுக்கு நாலு இருக்கும். அப்படிப்பட்ட ஊரில், ஐந்தாறு வருஷத்துக்குள், யார் வீட்டு எருமை கன்று போட்டாலும் முதலில் என் மனைவியைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கன்று சரியாகத் திரும்பியிருக்கிறதா, நஞ்சுக்கொடி விழுந்ததா, எப்போது தண்ணீர் காட்டலாம், எல்லாம் அவள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் எதையும் படித்துவிட்டுச் சொன்னதில்லை. மாட்டின் எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பேர் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவளுடையது என்று இந்த உலகத்தில் இருந்தவை அந்த எருமையும் அந்தப் பேரும்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் நான் எப்படிக் கவிழ்த்தேன் என்பதைச் சொல்கிறேன்.

சீம்பால் விஷயத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தாராள மனசு. குறிப்பாக வாங்கிக்கொள்வதில். கன்று போட்ட எருமையின் முதல் சில நாள் பாலை சொசைட்டியில் எடுக்கமாட்டார்கள், காய்ச்சினால் திரிந்துவிடும். அதனால் அது தெருவுக்குச் சொந்தம். வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் அவித்தால் துண்டு போட்டுச் சாப்பிடலாம். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னால் மடி வற்றிவிடும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. இந்த நம்பிக்கையை உண்டாக்கியவர் மாடு வைத்திருந்தவராக இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் எருமைக்கு அது மூன்றாவது ஈற்று. சினையாக இருக்கும்போதே நான் கம்பெனியில் அறிவிப்புக் கொடுத்துவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் பாய், "எருமை சீம்பால் சாப்ட்டு எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கு ஒரு சொம்பு என்றேன். பேக்கிங்கில் இருந்தவர்கள் காதில் விழுந்தது, அவர்களுக்கும் என்றேன். ஷூவை அச்சில் ஏற்றும் லாஸ்டிங் பிரிவில் கேட்டார்கள். வேன் டிரைவர் கேட்டார். லீவு லெட்டரில் கையெழுத்துப் போடும் ஆபீஸ் அம்மா கேட்கவில்லை, அவருக்கு நானே போய்ச் சொன்னேன். கறக்கப்போவது இன்னொருத்தி என்றால் வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கன்று போட்டது. பெண் கன்று. ஞாயிற்றுக்கிழமை அவள் கறந்த அழகைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது. கன்றை ஊட்டவிட்டாள், கொஞ்சம் கறந்தாள், எழுந்துவிட்டாள்.

"இன்னா, அவ்ளோதானா? மடி இன்னும் கல்லு மாரி இருக்குதே."

"இருக்கட்டும். மொத மூணு நாலு நாளைக்குப் பாதிக்கு மேல கறக்கக் கூடாது."

"ஏன்?"

"ஒட்டக் கறந்தா மாடு தளந்து பூடும். எங்கம்மா வீட்ல ஒண்ணு அப்படித்தான் போச்சு."

ஒரு சொட்டு விடாமல் ஒட்டக் கறந்தால் ஏன் தளர வேண்டும் என்று கேட்டேன். அது தெரியாது என்றாள். உடனே எனக்குத் தெம்பு வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஒரு குறை வந்தால் ஐந்து தடவை "ஏன், ஏன்" என்று கேட்டு ஃபார்ம் நிரப்ப வேண்டும். ஐந்து ஏனுக்கும் பதில் எழுதினால்தான் அது உண்மை. இவள் இரண்டாவது ஏனிலேயே நின்றுவிட்டாள்.

அன்று மத்தியானம் பாகாயத்தில் இருக்கும் அவள் அக்கா வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டதாகப் போன் வந்தது. இவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். பஸ் ஏறும்போது, "பாதிதான். மறந்துடாதீங்க. மிச்சத்த மடியிலயே விடுங்க" என்றாள். "எல்லாம் தெரியும், நீ போ" என்றேன். எல்லாம் தெரிந்தவர்கள் பேசுவது இப்படித்தான்.

அன்று சாயங்காலம் அவள் சொன்னபடி பாதியில் எழுந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை கேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பால் மஞ்சளும் வெள்ளையுமாகக் கூழ் போல இறங்கியது. பாதி வந்ததும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சூப்பர்வைசர் பாய்க்கு ஒரு சொம்பு, பேக்கிங்குக்கு ஒரு சொம்பு என்று மனசு எண்ணிக்கொண்டே போனது. காம்பு துவண்டு மடித் தோல் கையில் மடங்கும் வரைக்கும் கறந்தேன். கன்று என் முழங்கையை முட்டியது. அதற்குப் பேருக்கு இரண்டு வாய் விட்டேன். ஒரு சொட்டு வீணாக்காமல் எடுத்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு கேனை வேனில் ஏற்றினேன்.

கேன்டீன் மாஸ்டர் அதை அவித்துப் பத்து மணி டீக்குக் கொண்டுவந்தார். அந்தப் பதினைந்து நிமிஷம் கம்பெனியில் என்னைவிடப் பெரிய ஆள் இல்லை. பாய் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "உன் எருமைக்கு ஒரு சலாம்பா" என்றார். நான் ஏதோ அந்த எருமைக்குப் பதிலாக நானே கன்று போட்டவன் போல அடக்கமாகத் தலையாட்டினேன்.

சாயங்காலம் வீடு திரும்பினால் தெருவே பாத்திரத்தோடு நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு சொம்பு வைத்திருந்தார். ஒன்று அவருக்கு, இன்னொன்று யாருக்கோ. எருமை பின்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. காலையில் போட்ட தீவனத்தில் பாதி அப்படியே கிடந்தது. எப்போதும் வியர்த்து மினுங்கும் மூக்கு காய்ந்திருந்தது. இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. குறையைக் கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம். பார்த்துவிட்டு, கன்று போட்ட அசதி என்று பாஸ் பண்ணி அனுப்பினேன். தெரு வாசலில் காத்திருக்க, உள்ளே உட்கார்ந்து மறுபடியும் ஒட்டக் கறந்து, கொண்டுவந்து சொம்பு சொம்பாக ஊற்றினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் எருமை படுத்திருந்தது. கழுத்தை மடக்கி, தலையை வயிற்றோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்து வாலை முறுக்கினேன். எழவில்லை. தலையைப் பிடித்து நேராக்கினேன், விட்டதும் பழையபடி போய் வயிற்றோடு மடங்கிக்கொண்டது. 

முதல் பஸ்ஸில் வந்தவள் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். காதைத் தொட்டாள். "சில்லுனு இருக்குது" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எவ்ளோ கறந்தீங்க?"

"நீ சொன்ன மாரிதான்."

அவள் குனிந்து மடியைக் கையால் தூக்கிப் பார்த்தாள். காலி மூட்டை போல அது அவள் கையில் தொங்கியது. எழுந்து கால்நடை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள், வருகிறோம் என்றார்கள்.

அதற்குள் சீம்பால் சாப்பிட்டவர்கள் எல்லாம் பார்க்க வந்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டு போன அதே வரிசையில் வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. இரண்டு சொம்பு அக்கா, "யார் கண்ணு பட்டுதோ" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். யார் கண் என்று சுற்றிப் பார்த்தேன், எல்லோரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். ஒருவர் இடுப்பு பிசகிவிட்டது, சூடு போட்டால் எழுந்துகொள்ளும் என்றார். இன்னொருவர் மூங்கில் குழாயில் நல்லெண்ணெயும் மிளகும் கலந்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். என் மனைவி குறுக்கே நின்று தடுத்தாள். "வேணாண்ணா. முழுங்க முடியாத வாய்ல ஊத்துனா மூச்சுக்குழாய்க்குப் பூடும்." அவருக்கு வருத்தம், எண்ணெய் வீணாகிவிட்டதே என்று. அத்தனை பேர் பேசிக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் வேர்க்கடலைத் தோல் மூட்டைகளை இழுத்துவந்து, எருமை பக்கவாட்டில் சாய்ந்துவிடாதபடி இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தாள். நான் ஒரு மூட்டை தூக்கிக் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

டாக்டருக்கு முன்னால் வந்து சேர்ந்தவர், விழுந்த மாட்டை வாங்கிப்போகிற புரோக்கர். அவருக்கு யாரும் போன் செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மாடு விழுந்தால் அவர் மொபெட்டுக்குத் தானாகத் தெரிந்துவிடும். கூட்டத்தைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார், நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க லெதர்ல இருக்கறவரு, உங்களுக்கு நான் சொல்ல வேணாம். தோலு நல்லா இருக்கும்போதே குடுத்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

என்னையறியாமல் என் கண் எருமையின் மேல் போனது. முதுகில் தழும்பு இல்லை, விலாவில் ஒரே ஒரு கீறல், நல்ல கிரேடு. அந்த ஒரு நிமிஷம் நான் அப்படித்தான் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. என் மனைவி நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். புரோக்கரிடம், "அது இன்னும் மூச்சு விடுது" என்று மட்டும் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பக்கம் போய் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு வழியாக டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். எருமையைச் சுற்றி ஒரு நடை நடந்தார், காதைத் தொட்டார், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். கால்சியம் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, கழுத்து நரம்பில் ஊசியைக் குத்தி, மெதுவாக ஏற்ற ஆரம்பித்தார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம். ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையால் நெஞ்சில் கருவி, அப்படியே குனிந்து நின்றுகொண்டு பேசினார். கன்று போட்டதும் ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்கு இறங்கிவிடுகிறது. மடியில் பாதிப் பால் இருந்தால் உடம்பு நிதானமாகச் சமாளித்துக்கொள்ளும். ஒட்டக் கறந்தால் மடி மறுபடியும் நிரம்பப் பார்க்கும், ரத்தத்தில் மிச்சம் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். பிறகு தசை எதுவும் வேலை செய்யாது. என் ஃபார்முக்கு வேண்டிய மிச்ச ஏனெல்லாம் அவர் மூச்சுவிடாமல் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"இது ஒட்டக் கறந்த மடி. யாரு கறந்தது?"

இருபது பேர் நின்றிருந்தோம். சூப்பர்வைசர் பாய் வேறு, நான் வேலைக்கு வரவில்லை என்று விசாரிக்க வண்டியை எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்து நின்றார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"வீட்ல அவங்கதான் மேடம் கறப்பாங்க."

இதில் ஒரு பொய் கூட இல்லை, கவனித்துப் பாருங்கள். வருஷம் பூராவும் அவள்தான் கறக்கிறாள். எந்த கியூசியும் பாஸ் பண்ணக்கூடிய வாக்கியம். பதினாறு வருஷத்து அனுபவம் வீண்போகவில்லை.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பாத்தா வெவரம் தெரிஞ்சவங்க மாரி இருக்கீங்க. முட்டெல்லாம் குடுத்து ஒழுங்கா ஒக்கார வெச்சிருக்கீங்க. பாலுக்கு ஆசைப்பட்டா ஒரு அளவு வேணாமா? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் வந்தும் பிரயோஜனம் இல்ல."

அவள் எருமையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. பிறகு டாக்டரிடம் சொன்னாள்:

"இனிமே பாத்துக்கறேன் மேடம்."

பாட்டில் முடியும் முன்னால் எருமையின் உடம்பு நடுங்கியது. பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. சாணி போட்டது. மூக்கில் பொட்டுப் பொட்டாக வியர்வை பூத்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் பின்காலை ஊன்றி, தடுமாறி, எழுந்து நின்று, எதுவுமே நடக்காதது போல வைக்கோலை இழுத்தது. எதிர்ப்பக்கம் மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. மூங்கில் குழாய்க்காரர் தான் கொண்டுவந்த எண்ணெயின் வாசனையே பாதி வேலை செய்துவிட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

எருமை பிழைத்துவிட்டது. பேர் பிழைக்கவில்லை. ஆசைக்குக் கறந்து எருமையைச் சாய்த்தவள் என்ற செய்தி ஒடுகத்தூர் பஸ்ஸைவிட வேகமாகப் போனது. சொசைட்டியில் அவள் கேனை நீட்டும்போது செக்ரட்டரி, "இன்னாம்மா, இன்னிக்காவது கன்னுக்கு ஏதாச்சும் வெச்சியா?" என்பார். வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் கூடவே சிரிப்பாள். ஒருநாள் நானும் பக்கத்தில் நின்றேன், கேன் மூடியைப் பிடித்துக்கொண்டு. மூடி பிடிப்பதற்கு இரண்டு கையும் தேவைப்படுவது போல நடித்தேன். வீட்டில் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், பேசினாள், எப்போதும் போல இருந்தாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி நியாயம் கண்டுபிடித்திருப்பேன். அந்த வசதியை அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த மாசம் பக்கத்து வீட்டு அக்காவின் எருமைக்கு வலி கண்டது. சுவருக்கு இந்தப் பக்கம் சத்தம் எல்லாம் கேட்டது. என் மனைவி தலையை முடிந்துகொண்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, வாசலில் போய் நின்றாள். எப்படியும் கூப்பிடுவார்கள் என்று நின்றாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருத்தியை அக்காவின் மகன் வண்டியில் உட்காரவைத்து என் மனைவியைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனான். அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "நீ எதுக்கும்மா செரமப்படற, நாங்க பாத்துக்கறோம்" என்றார். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தவள், காலையில் கூட்டிக் கழுவிய கொட்டகையை மறுபடியும் கூட்ட ஆரம்பித்தாள். கழுவிய கை இன்னும் காயவில்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

மறுநாள் காலை கேனை நானே எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனேன். கூட்டம் சேரும் வரை காத்திருந்தேன். பிறகு செக்ரட்டரியிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சொன்னேன். "எருமைய ஒட்டக் கறந்தது நான். அவ ஊர்லயே இல்ல. பாதிதான் கறக்கணும்னு சொல்லிட்டுத்தான் போனா. நான்தான் கேக்கல."

 செக்ரட்டரி பேனாவைக் கீழே வைத்தார்.

"பாத்தீங்களா? மனுஷன்னா இவர்தான். பொண்டாட்டி மேல ஒரு சொல்லு விழக் கூடாதுன்னு தப்பத் தன் தலைமேல போட்டுக்கறாரு பாருங்க."

"இல்லீங்க, நெசமாவே நான்தான்..."

"உடுங்க, உடுங்க. எங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கு டாக்டரம்மா கேட்டப்போ நாங்கல்லாம் அங்கதானே இருந்தோம்."

இரண்டு சொம்பு அக்கா தன் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லாமல் திட்டி, புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். நான் திங்கட்கிழமை, சாயங்காலம், சொம்பு என்று ஆதாரம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சாட்சியே அந்த அக்காதான். என் கையால்தான் அவர் பால் வாங்கினார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, நீங்க ஊத்தித்தான் குடுத்தீங்க, கறந்து வெச்சிட்டுப் போனது அவதானே என்றார். நான் எவ்வளவுக்கு எவ்வளவு அடித்துச் சொன்னேனோ அவ்வளவுக்கு நல்லவனாகிக்கொண்டே போனேன். பத்து மணி டீக்குள் செய்தி கம்பெனிக்கு வந்துவிட்டது. சூப்பர்வைசர் பாய் என் தோளைத் தட்டி, "உன்ன மாரி ஒரு தோஸ்த் கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். பெண்டாட்டியைக் காட்டிக்கொடுத்து அத்தனை மரியாதை சம்பாதித்த ஆள் எங்கள் வட்டாரத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் நேராகக் கொட்டகைக்குப் போனேன். அவள் கறந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொசைட்டில சொல்லிட்டேன். நான்தான் கறந்தேன்னு."

"கேள்விப்பட்டேன். அக்கா வந்து சொல்லிச்சு."

"யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

 அவள் என் பக்கம் திரும்பவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"அன்னிக்கு டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த காம்புக்குக் கையை மாற்றினாள்.